செல்லின் முதுமையைத் தணிக்க எந்தப் பயிற்சி: சீரான ஓட்டமா, இடைவெளிப் பயிற்சியா, எடைப் பயிற்சியா?

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம். நாற்பதைக் கடந்த ஒருவர் தம் உடலுக்காக இவ்வளவு நேரத்தை உறுதியாக ஒதுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எடையைக் குறைப்பதோ தோற்றத்தைத் திருத்துவதோ அவருடைய முதல் நோக்கமில்லை. செல்கள் மூப்படையும் வேகத்தைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்த முடியுமா என்பதே அவர் கேட்கும் கேள்வி. அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. விரைநடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று சீரான வேகத்தில் நெடுநேரம் செய்யும் தாங்குதிறன் பயிற்சி ஒன்று. சில நிமிடங்கள் மூச்சிரைக்க ஓடி, சில நிமிடங்கள் தணிந்து, மறுபடியும் ஓடும் இடைவெளிப் பயிற்சி இன்னொன்று. எடை தூக்குவதும் இழுப்பதும் தள்ளுவதுமாகத் தசைக்கு வேலை கொடுக்கும் வலுப் பயிற்சி மூன்றாவது. ஒதுக்கிய நேரம் ஒன்றுதான். அதை எதில் செலவிட்டால் செல்லுக்கு அதிகம் கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு இப்போது பெரும்பாலும் டெலோமியரை வைத்தே விடை சொல்கிறார்கள். அந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பவர், குறிப்பாக வயதில் மூத்தவர், தமக்கு மிகவும் தேவையான ஒன்றை இழந்துவிடக்கூடும் என்பது என் கருத்து. அதனால் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன், எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. இந்த முனைப் பகுதிதான் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியுமுன் டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். நகலெடுக்கும் நொதியால் வெறும் இழையில் தானாகத் தொடங்க முடியாது. முதலில் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டு இழையில் ஒட்ட வேண்டும், அதைப் பற்றிக்கொண்டுதான் நொதி முன்னே நகரும். இரு இழைகளில் ஒன்று துண்டு துண்டாகவே நகலாகிறது. வேலை முடிந்ததும் ஆர்என்ஏ துண்டுகள் நீக்கப்பட்டு, அந்த இடங்கள் டிஎன்ஏவால் நிரப்பப்படுகின்றன. கடைசித் துண்டு இருந்த இடத்தை மட்டும் நிரப்ப வழியில்லை. அதற்கு அப்பால் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பிரிதலிலும் முனை சிறிது குறைகிறது. மனித செல்கள் ஆய்வகத்தில் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இல் காட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம் இந்த முனைக் குறைவாக இருக்கலாம் என்று 1971இல் சொன்னவர் ரஷ்ய அறிவியலாளர் அலெக்ஸி ஓலோவ்னிகோவ். குறைந்ததை மீண்டும் சேர்க்கும் டெலோமரேஸ் என்ற நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் 1984இல் கண்டார்கள். ஜாக் சோஸ்டாக்குடன் சேர்த்து அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

முனை மிகவும் குறுகிவிட்டால் செல் அதை டிஎன்ஏ முறிவு என்று எடுத்துக்கொண்டு பிரிவதை நிறுத்திவிடுகிறது. நின்றுபோன செல் எல்லா நேரமும் சாவதில்லை. பி16 போன்ற தடுப்புப் புரதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிட்டபடி அங்கேயே தங்கிவிடுகிறது. இப்படித் தேங்கிய செல்கள் திசுவில் பெருகுவதுதான் செல் முதுமையின் முக்கியமான முகங்களில் ஒன்று. வயதுவந்தவரின் இரத்த வெள்ளையணுக்களில் டெலோமியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள், அளவுக்குக் குறைகிறது. பிரிதல் மட்டும் இதற்குக் காரணமன்று. மூன்று ஜி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இந்தத் தொடர், ஆக்ஸிஜனேற்றச் சேதத்துக்கு எளிதில் இலக்காகிறது. நாட்பட்ட அழற்சியும், புகையும், ஓயாத மனநெருக்கடியும் இந்தத் தேய்மானத்தோடு தொடர்புள்ளவையாக ஆய்வுகளில் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை

பயிற்சியையும் டெலோமியரையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஓடுகிறவர்களையும் ஓடாதவர்களையும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டவை. மூன்று பயிற்சிகளையும் ஒரே களத்தில் நிறுத்திய சோதனை அரிது. ஜெர்மனியில் கிறிஸ்டியன் வெர்னர், உல்ரிஷ் லாஃப்ஸ் ஆகியோரின் குழு நடத்தி, ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த வகையில் முக்கியமானது. உடல்நலம் உடைய, ஆனால் அதுவரை பயிற்சி செய்யாத 266 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவு சீரான ஓட்டம். இன்னொன்று இடைவெளி ஓட்டம். மூன்றாவது எட்டு இயந்திரங்களைச் சுற்றி வந்து செய்யும் வலுப் பயிற்சி. நான்காவது பிரிவு வாழ்க்கைமுறையை மாற்றாமல் இருந்தது. வாரம் மூன்று முறை, முறைக்கு 45 நிமிடம், ஆறு மாதம். நம்முடைய நாற்பது வயதுக்காரர் ஒதுக்கிய அதே நேரம்தான்.

முடிவு தெளிவாகப் பிரிந்தது. சீராக ஓடியவர்களிடமும் இடைவெளி விட்டு ஓடியவர்களிடமும் இரத்த செல்களில் டெலோமரேஸ் செயல்பாடு இரண்டு முதல் மூன்று மடங்காக உயர்ந்தது. வெள்ளையணுக்களின் டெலோமியர் நீளம் 3.3 முதல் 3.5 விழுக்காடு வரை கூடியது. எடைப் பயிற்சி செய்தவர்களிடம் இவ்விரண்டும் நிகழவில்லை. ஒரே ஒரு முறை ஓடினாலே சில வகை வெள்ளையணுக்களில் டெலோமரேஸ் உடனடியாகத் தூண்டப்படுவதையும், ஒரு முறை எடை தூக்குவதால் அப்படி நிகழாததையும் அவர்கள் கண்டார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? இதே குழு 2009இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. சில வாரங்கள் சக்கரத்தில் ஓடிய எலிகளின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் டெலோமரேஸ் கூடியது, பி16 குறைந்தது. குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைக்கும் நொதி இல்லாத எலிகளிடம் இந்தப் பலன் ஏற்படவில்லை. நெடுநேரம் ஓடும்போது இரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டே பாய்கிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடுக்கான தூண்டுகோல். எடை தூக்கும்போது இறுகிய தசை குழாயை நெரிக்கிறது, விட்டதும் இரத்தம் பாய்கிறது, மீண்டும் நெரிக்கிறது. பாய்ச்சல் தொடர்ச்சியாக இருப்பதில்லை. முழு விளக்கமும் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிடைத்த முடிவுகளோடு இது பொருந்துகிறது.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. சேர்ந்த 266 பேரில் ஆறு மாதமும் முடித்தவர்கள் 124 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோரின் கணக்கு கையில் இல்லாத சோதனையின் எண்களை அப்படியே நம் உடலுக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. எந்தப் பயிற்சி சிறந்தது என்ற கேள்வியோடு, எதை விட்டுவிடாமல் செய்வோம் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

சீரான ஓட்டமும் விரைநடையும்

தாங்குதிறன் பயிற்சிக்குத்தான் சான்றுகள் அதிகம். பிரிட்டனில் 2401 இரட்டையர்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், ஓய்வுநேரத்தில் மிகுதியாக உடலை இயக்கியவர்களின் டெலோமியர், மிகக் குறைவாக இயக்கியவர்களுடையதைவிடச் சராசரியாக 200 நியூக்ளியோடைடுகள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளமாக இருந்தது. இரட்டையர்களை எடுத்துக்கொண்டதில் ஒரு சிறப்பு இருக்கிறது. டெலோமியர் நீளத்தில் பெரும்பங்கு பரம்பரையாக வருவது. ஆகவே ஒருவர் ஓடுவதால் முனை நீண்டதா, நீண்ட முனையுடன் பிறந்த குடும்பமே சுறுசுறுப்பானதா என்ற ஐயம் எப்போதும் எழும். இங்கே சுறுசுறுப்பில் வேறுபட்ட இரட்டையரை ஜோடியாக ஒப்பிட்டபோதும் அதிகம் இயங்கியவருக்கே முனை நீளமாக இருந்தது.

அமெரிக்காவில் 5823 பேரின் தரவைக் கொண்டு லாரி டக்கர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மிகுந்த இயக்கமுள்ளவர்களுக்கும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் இடையில் 140 கார இணைகள் வேறுபாடு இருந்தது. அங்கே மிகுந்த இயக்கம் என்று கொள்ளப்பட்டது, வாரத்தில் ஐந்து நாள் பெண்களுக்கு 30 நிமிடமும் ஆண்களுக்கு 40 நிமிடமும் மெல்லோட்டம் என்ற அளவு. நடுத்தரமாக இயங்கியவர்களுக்கும் உட்கார்ந்தவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் 50 முதல் 70 வயதுக்குட்பட்ட 69 பேரை அளந்த ஆண்ட்ரூ லட்லோ குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் நின்றது. அங்கே நடுத்தர அளவில் இயங்கியவர்களின் முனைகளே நீளமாக இருந்தன, மிகுதியாக இயங்கியவர்களுடையவை அல்ல. எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு டெலோமியரிடமிருந்து உறுதியான எண் கிடைக்காது என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் உணர்வார்.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளிலும் இதே இழுபறி இருக்கிறது. மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய 439 பெண்களிடம் ஓர் ஆண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், உணவுக் கட்டுப்பாடோ ஓட்டநடையோ இரண்டும் சேர்ந்தோ டெலோமியர் நீளத்தை மாற்றவில்லை. மறுபக்கம், மறதிநோய் கண்ட குடும்பத்தினரைப் பராமரித்துக்கொண்டு, பயிற்சி எதுவும் செய்யாமல் இருந்த 68 பேரிடம் 24 வாரங்கள் நடத்தி 2018இல் வெளியான, ஆய்வாளர் பட்டர்மன் குழுவின் சோதனையில், பயிற்சி செய்தவர்களின் முனைகள் நீண்டன. முரண்பாடு போலத் தோன்றும் இவ்விரண்டையும் நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தேய்மானம் மிகுதியாக நடக்கும் உடலில்தான் பயிற்சியின் தடுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பட்டர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட வேறோர் ஆய்வும் இதையே சொல்கிறது. மனநெருக்கடி உயர உயர முனை குறுகும் போக்கு பயிற்சி செய்யாத பெண்களிடம் இருந்தது, செய்தவர்களிடம் அது தென்படவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் இரவும் பகலும் தேய்ந்துகொண்டிருப்பவருக்கு, வாரம் மூன்று நான்கு முறை நாற்பது நிமிட விரைநடை என்பது ஆடம்பரமல்ல என்று சொல்ல இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இடைவெளிப் பயிற்சி

மிகுதியாக ஆராயப்பட்ட வடிவம் நான்குக்கு நான்கு என்பது. பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு, உச்ச இதயத்துடிப்பில் 85 முதல் 95 விழுக்காடு வரை எட்டும் வேகத்தில் நான்கு நிமிடம் ஓட வேண்டும். பின்பு மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று. முதல் சுற்றின் முதல் நிமிடம் ஏமாற்றும். வேகம் போதவில்லையோ என்று தோன்றும். இரண்டாம் நிமிடத்தின் கடைசியில் முழு வாக்கியம் பேச முடியாது. மூன்றாவதில் இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். நான்காம் நிமிடம் முடியும்போது இன்னும் ஒரு நிமிடம் ஓட முடியும், ஆனால் ஓட விருப்பமில்லை என்ற நிலையில் இருந்தால் வேகம் சரி. அப்படியே விழுந்துவிடலாம் என்று தோன்றினால் வேகம் அதிகம். அடுத்த சுற்றில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டெலோமியர் கணக்கில் இது சீரான ஓட்டத்துக்குச் சமமாக நின்றது, அதைத் தாண்டவில்லை. இதன் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட பன்னிரண்டு வார ஆய்வில், இடைவெளிப் பயிற்சி செய்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் திறன் இளையவர்களிடம் 49 விழுக்காடும், 65 வயதைக் கடந்தவர்களிடம் 69 விழுக்காடும் உயர்ந்தது. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றலை உண்டாக்கும் உறுப்பு. அதன் தளர்ச்சியும் செல் முதுமையின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று. ஆகவே செல் முதுமை என்பதை டெலோமியர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்காதவருக்கு, இடைவெளிப் பயிற்சியின் மதிப்பு அந்த ஜெர்மானியச் சோதனை காட்டியதைவிட ஒரு படி கூடவே தெரியும்.

உயிர்வாழ்வில் இதன் விளைவு என்ன? நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுக்குட்பட்ட 1567 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. இடைவெளிப் பயிற்சிப் பிரிவில் 3 விழுக்காட்டினரும், மிதமான பயிற்சிப் பிரிவில் 5.9 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுப் பிரிவில் 4.7 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். எண்கள் கவர்ச்சியானவை, ஆனால் பயிற்சி பெற்ற இரு பிரிவினரையும் சேர்த்து ஒப்பீட்டுப் பிரிவோடு வைத்துப் பார்த்தபோது வேறுபாடு உறுதிப்படவில்லை. ஒப்பீட்டுப் பிரிவினரும் தாமாகவே நன்றாக உடற்பயிற்சி செய்துவந்தவர்கள் என்பது ஒரு காரணம். இடைவெளிப் பயிற்சிக்கு முதியவர்கள் தகுதியற்றவர்கள் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு கலைத்துவிட்டது என்பதே எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பெரிய செய்தி. ஆயினும் இதயநோய் உள்ளவர்களும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெஞ்சில் அழுத்தமோ காரணமற்ற மயக்கமோ கண்டவர்களும் மருத்துவரின் பரிசோதனை இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது.

எடைப் பயிற்சி: தவறாகப் படிக்கப்படும் முடிவு

வெள்ளையணுக்களின் டெலோமியரைக் கேட்டால் எடைப் பயிற்சியால் பயனில்லை என்று வரும். இதைப் படித்துவிட்டு எடையைக் கீழே வைத்துவிட்டு ஓடக் கிளம்புவோரை எண்ணித்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். அளந்தது இரத்தத்தை, உழைத்தது தசை. எலும்புமஜ்ஜையில் ஓயாமல் பிரிந்து உருவாகும் வெள்ளையணுக்களும், முதிர்ந்தபின் பிரிவதே இல்லாத தசைநார்களும் மூப்படையும் விதம் ஒன்றல்ல. பிரியாத செல்லுக்குப் பிரிதலால் முனை தேயும் சிக்கல் பெரிதாக இல்லை. தசையில் பிரியக்கூடியவை, நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்கள். காயம் பட்டாலோ கடும் உழைப்பு நேர்ந்தாலோ அவை விழித்துப் பெருகி நாரைச் சரிசெய்கின்றன. நெடுங்காலம் பளுதூக்கியவர்களின் தசையில் முனைகள் பயிற்சியற்றவர்களுடையதைவிடக் குறுகியிருக்கவில்லை என்று ஃபவ்ஸி காதியின் குழு 2008இல் கண்டது. அவர்களுக்குள்ளேயே மிகப் பெரும் எடைகளைத் தூக்கியவர்களிடம் மட்டும் குறுகிய முனைகள் கூடுதலாகத் தென்பட்டன. வாரம் இருமுறை மிதமாக எடை தூக்குகிறவருக்கு இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

தசை மூப்படைவதை டெலோமியரை விட்டுவிட்டு வேறு அளவுகோல்களால் பார்த்தால் எடைப் பயிற்சிதான் முன்னே வருகிறது. சைமன் மெலோவ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் ஆறு மாதம், வாரம் இருமுறை வலுப் பயிற்சி செய்தபின், அவர்களுடைய தசையில் வயதால் மாறியிருந்த மரபணுச் செயல்பாடுகளில் பல இளையவர்களுடைய அளவை நோக்கித் திரும்பின. அதற்கும் முன்பு, 1990இல், மரியா ஃபியாடரோன் குழு தொண்ணூறை ஒட்டிய வயதினர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தது. காலின் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இதைவிடப் பெரிய மாற்றத்தை முதிய உடலில் வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு குறுகிய காலத்தில் காட்டியதாக நான் படித்ததில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது கைப்பிடியைத் தேடும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள்: உடலை முன்னே சாய்த்து, ஒருமுறை முயன்று, பின்வாங்கி, கைகளை ஊன்றி, முழங்காலை நிமிர்த்துமுன் ஒரு கணம் தடுமாறுகிறார். அவருக்கு இரத்த அணுவின் முனை நூறு கார இணைகள் நீளமாவதைவிடத் தொடைத் தசை திரும்பக் கிடைப்பது உடனடித் தேவை. அது இல்லாமல் ஓடவும் முடியாது, விழாமல் நடக்கவும் முடியாது.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. வலுப் பயிற்சியும் தாங்குதிறன் பயிற்சியும் கலந்த பன்னிரண்டு வாரத் திட்டத்தைப் பின்பற்றிய முதியவர்களின் இரத்தத்தில் பி16, பி21 உள்ளிட்ட செல் முதுமைக் குறிகள் குறைந்ததாக மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். பிரிவு நின்றுபோன செல்களின் சுமையை இந்தக் குறிகள் இன்னும் நெருக்கமாகக் காட்டுகின்றன. ஆகவே டெலோமியர் நீளத்தைவிட இவற்றுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அளவுகோலின் குறை

ஆண்டுக்கு 20 முதல் 40 கார இணைகள் குறைகின்றன என்று பார்த்தோம். ஏழாயிரம் கார இணைகள் அளவில் முனை வைத்திருப்பவருக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.6 விழுக்காடு. ஆனால் டிஎன்ஏவைப் பலமடங்கு நகலெடுத்து அளக்கும், பரவலாகப் பயன்படும் பிசிஆர் முறையில் ஒரே மாதிரியை மறுபடி அளந்தாலே சில விழுக்காடு கூடக்குறைய வரும். அதாவது ஒருவருடைய இரண்டு மூன்று ஆண்டுத் தேய்மானம் முழுவதும் கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் 3.4 விழுக்காடு கூடியது என்றால், ஏழாயிரத்தில் அது சுமார் 240 கார இணைகள். ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுத் தேய்மானத்தை ஆறு மாத ஓட்டம் திருப்பிக்கொடுத்ததாகப் பொருள். இதை நம்பத் தயங்குவதே நியாயம். பயிற்சியின்போது சில வகை வெள்ளையணுக்கள் மண்ணீரல் போன்ற இடங்களிலிருந்து இரத்தத்துக்குள் வந்து சேர்கின்றன. வகைக்கு வகை முனை நீளம் வேறு. கலவை மாறினாலே சராசரியும் மாறும். அந்த ஜெர்மானியச் சோதனை செல் வகைகளைத் தனித்தனியாகவும் அளந்தது அதன் பலம்; எல்லா ஆய்வுகளும் அப்படிச் செய்வதில்லை.

ஆகவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் டெலோமியரை விலைகொடுத்து அளந்து, எந்தப் பயிற்சி தமக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ள முயல்வது வீண். ஒரு தனிமனிதருக்கு அந்த எண்ணிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு எதுவுமில்லை.

முனை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. மரபணு வேறுபாடுகளைக் கொண்டு 2017இல் செய்யப்பட்ட பெரிய பகுப்பாய்வில், பிறவியிலேயே நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்கு இதயக் குழாய் நோய் குறைவாகவும், பல வகைப் புற்றுநோய்கள் அதிகமாகவும் இருந்தன. முனையின் நீளத்துக்கு வரம்பு கட்டும் புரதங்களில் ஒன்றான பிஓடி1 பழுதுபட்ட குடும்பங்களில் முனைகள் வழக்கத்துக்கு மாறாக நீண்டிருக்க, பலவகைக் கட்டிகள் தோன்றுவதை 2023இல் வெளியான ஆய்வும் காட்டியது. இதைக் கேட்டு ஓட்டத்தால் புற்றுநோய் வருமோ என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. பயிற்சி உண்டாக்கும் மாற்றம் சிறியது, தேய்மானத்தைத் தணிப்பது. 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைத் திரட்டி 2016இல் செய்த ஆய்வில் சுறுசுறுப்பானவர்களுக்கு 26 வகைப் புற்றுநோய்களில் 13 குறைவாகவே இருந்தன. முனையை நீட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளை நோக்கிக் கை நீளும்போதுதான் பிஓடி1 குடும்பங்களை நினைவில் கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறினால் முனை தேயுமா என்ற அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். நெடுந்தொலைவு ஓடும் அல்ட்ரா மாரத்தான் வீரர்களின் டெலோமியர் 11 விழுக்காடு நீளமாக இருந்ததாக 2013இல் ஆய்வு வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, ஓய்வெடுத்தும் தீராத சோர்வில் விழுந்த தாங்குதிறன் வீரர்களின் தசையில் முனைகள் மிகவும் குறுகியிருந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். தொலைவு பகையல்ல, மீள நேரம் கொடுக்காமல் ஓடுவதே பகை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். காலையில் எழும்போதே கால் கனத்து, இதயத்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்து, அது நாள்கணக்கில் நீடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

யாருக்கு எது

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்காரருக்கு நான் சொல்வது: அடித்தளம் தாங்குதிறன் பயிற்சியாக இருக்கட்டும். அவர் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவர், இதயம் நலமாக உள்ளது என்றால், மூன்று நாளில் ஒன்றை இரண்டு மூன்று மாதம் கழித்து இடைவெளி ஓட்டமாக மாற்றிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடினமான பயிற்சி. அதோடு வாரம் இரு நாள் தசைக்கு வலுவூட்டல். அவர் ஒதுக்கிய 135 நிமிடமும் மிதமான நடையாகவே போனால் அளவு எட்டாது. ஒரு நாள் இடைவெளி ஓட்டமானால், கடினமான நிமிடம் இரண்டாகக் கணக்கில் சேர்வதால், எட்டிவிடும்.

வலுப் பயிற்சிக்குத் தனி நாள் கிடைக்காவிட்டால் மற்ற இரு நாள்களின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை அதற்குக் கொடுக்கலாம். ஓட்டம் அரை மணி நேரமாகச் சுருங்குவது பெரிய இழப்பல்ல. வாரம் 30 முதல் 60 நிமிட வலுப் பயிற்சி செய்வோரிடம் இறப்பு விகிதம் 10 முதல் 20 விழுக்காடு குறைந்திருந்ததாக 2022இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. இந்த இரு கால்மணி நேரம் அந்த அளவின் கீழ்வரம்பைத் தொட்டுவிடும்.

அறுபத்தைந்தைக் கடந்து, உடல் மெலிந்து, படியேறத் தயங்குகிறவருக்கு வரிசை தலைகீழ். முதல் மூன்று மாதம் எடைப் பயிற்சியும் உடலைச் சமநிலையில் நிறுத்தும் பயிற்சியுமே முதன்மை, நடை துணை. டெலோமியரை அவர் அந்த மூன்று மாதமும் மறந்துவிடலாம். முழங்கால் தேய்ந்து ஓட முடியாதவருக்குச் சைக்கிளும் நீச்சலும் அதே தாங்குதிறன் பயிற்சிதான். இரத்தம் குழாய்ச் சுவரை உரசிப் பாய்வதற்குக் கால் தரையில் மோத வேண்டியதில்லை. நெருக்கடியான பராமரிப்புப் பணியில் இருப்பவர் இடைவெளி ஓட்டத்தையோ இயந்திரங்களையோ எண்ணிக் காத்திராமல் விரைநடையிலேயே தொடங்கலாம். பேச முடிகிற, பாட முடியாத வேகம் போதும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் நான்கு வாரம் முழு வேகத்துக்குப் போக வேண்டாம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் பல மாதம் வேண்டும். புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் பலர் காயப்படுவது, மூச்சு ஒத்துழைக்கத் தொடங்கி, கணுக்காலின் பின்நாண் இன்னும் தயாராகாத இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டத்தைக் கூட்டாமல், மறுநாள் காலையில் குதிகாலுக்கு மேலே அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வலித்தால் அந்த வாரத்து மூன்று நாளையும் சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.